இராயபுரம் ரயில் நிலையக் கட்டடம்

இராயபுரம் ரயில் நிலையக் கட்டடம் வட சென்னையில் துறைமுகத்தை ஒட்டிய இராயபுரம் பகுதியில் அமைந்துள்ளது. 1856 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இது தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். இதற்கு முன்பே பம்பாயின் போரி பந்தரிலும் வங்காளத்தின் ஹௌராவிலும் ரயில் நிலையங்கள் இயங்கின. ஆனால் அவ்விரு இடங்களிலும் முதலில் கட்டப்பட்ட கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே இந்தியாவில் இன்றும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடமாக இராயபுரம் கருதப்படுகிறது.

இங்கிலாந்தின் நகர வீடுகளிலும் பொதுக் கட்டடங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய ரீஜென்சி பாணியைப் பின்பற்றி இந்நிலையம் கட்டப்பட்டது. பாணி ஆங்கிலேயருடையது என்றாலும், செங்கல், சுண்ணாம்பு ஆகிய பொருட்களும் அவற்றைக் கையாண்ட வேலைமுறையும் சென்னைக்குரியவை.

பெயரும் அமைவிடமும்

இராயபுரம் என்னும் பெயர் புனித பேதுருவின் தமிழ்ப் பெயரான இராயப்பர் என்பதிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது. கடலோடிகளும் படகோட்டிகளும் வாழ்ந்த இப்பகுதியில் உள்ள இராயப்பர் ஆலயம் அவர்களின் உழைப்பிலும் கொடையிலும் எழுந்தது. பழைய கறுப்பர் நகரத்தின், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனின், வடக்கு மதிலுக்கு வெளியே இந்தப் பகுதி இருந்தது.

சென்னைக் கடற்கரை - அரக்கோணம் புறநகர்ப் பாதையில், கடற்கரை நிலையத்துக்கும் வண்ணாரப்பேட்டை நிலையத்துக்கும் இடையில் இராயபுரம் நிலையம் வருகிறது. நிலைய வளாகம் சுமார் 72 ஏக்கர் பரப்புடையது. மின்சார ரயில் எஞ்சின் பணிமனை ஒன்றும் இப்பகுதியில் இயங்குகிறது. நிலையத்தின் கிழக்கே துறைமுகமும் கடலும் உள்ளன.

வரலாற்றுப் பின்னணி

சென்னை மாகாணத்துக்குத் தண்டவாளம் புதிதல்ல. 1837 ஆம் ஆண்டளவிலேயே செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்கான கற்களைக் கொண்டுவர ஒரு சிறு தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. பயணிகளுக்கான ரயில் பாதையின் முயற்சி 1845 இல் லண்டனில் மதராஸ் ரயில்வே கம்பெனி தொடங்கப்பட்டதோடு ஆரம்பமானது. முதல் முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் மீண்டும் உருவான கம்பெனி, கிழக்கிந்தியக் கம்பெனியின் வட்டி உத்தரவாதத்தோடு 1853 இல் பணியைத் தொடங்கியது. அவ்வாண்டு முதல் 1856 வரை ஜார்ஜ் பார்க்ளே புரூஸ் இதன் தலைமைப் பொறியாளராக இருந்தார்.

சென்னையிலிருந்து ஆர்க்காட்டை நோக்கி, இன்றைய வாலாஜா சாலை நிலையம் வரை, ஏறத்தாழ 100 கி.மீ. நீளத்துக்கு முதல் பாதை போடப்பட்டது. அதன் சென்னை முனையாக இராயபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கோட்டையும் வணிகர் குடியிருப்பும் தெற்கே அருகில் இருந்தன. கப்பல்களிலிருந்து படகு வழியாகச் சரக்கு இறங்கும் கடற்கரை கிழக்கே இருந்தது. மதிலுக்கு வெளியே அகன்ற நிலமும் கிடைத்தது.

1856 ஜூன் 28 அன்று அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 அன்று பயணிகள் ரயில் ஓடியது. அன்று புறப்பட்ட இரு ரயில்களில் ஒன்று ஆளுநரையும் சுமார் 300 ஐரோப்பியரையும் ஏற்றிக்கொண்டு மேற்கே சென்றது. மற்றொன்று திருவள்ளூர் வரை சென்று திரும்பியது. இப்பெட்டிகளைச் சென்னையின் சிம்சன் நிறுவனம் கட்டியது.

திறப்பு விழா நடந்த காலத்தில் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் 1858 இல்தான் இந்தியா பிரிட்டிஷ் முடியாட்சியின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. சென்னையின் மற்ற பெரிய ரயில் நிலையங்கள் முடியாட்சிக் காலத்தவை. இராயபுரம் மட்டும் கம்பெனிக் காலத்தது.

ஆங்கில நகர வீடும் ரயில் நிலையமும்

ரயில் நிலையம் என்ற கட்டட வகை 1830 வரை உலகில் இல்லை. கோயில், அரண்மனை, சத்திரம், சந்தை ஆகியவற்றுக்குப் பழைய முன்மாதிரிகள் இருந்தன. மக்கள் கூடிச் சீட்டு வாங்கி, காத்திருந்து, வண்டியேறும் இடத்துக்கு முன்மாதிரி எதுவும் இல்லை. எனவே தொடக்ககாலக் கட்டடக் கலைஞர்கள் தங்களுக்குப் பழக்கமான நகர வீட்டின் வடிவத்தையும் செவ்வியல் தூண் மண்டபத்தின் வடிவத்தையும் எடுத்துக்கொண்டனர்.

மான்செஸ்டர் நகரின் லிவர்பூல் சாலை நிலையம் இதற்குத் தெளிவான சான்று. 1830 இல் திறக்கப்பட்ட இது உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய பயணிகள் முனையம். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இது வசதியான ஒரு குடும்பத்தின் நகர வீடு போலவே தோன்றும். முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் தனித்தனி வாசல்கள் இருந்தன. இதை ஒட்டி நிற்கும் 1808 ஆம் ஆண்டு வீடு உண்மையாகவே ஒரு வணிகரின் இல்லமாகக் கட்டப்பட்டு, பின்னர் நிலைய அலுவலரின் குடியிருப்பானது.

லண்டன், பாத், பிரைட்டன் போன்ற ஊர்களின் நகர வீடுகள் குறுகிய மனையில், பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, வரிசையாக எழுந்தவை. 1666 ஆம் ஆண்டு பெருந்தீக்குப் பிறகு லண்டனில் மர வீடுகள் தடுக்கப்பட்டுச் செங்கல் வீடுகள் கட்டாயமாயின. 1774 ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் வீடுகளை வகைப்படுத்தி, சுவரின் கனத்தையும் வெளியே தெரியும் மர வேலையையும் வரையறுத்தது. விதிகள் இறுகியதால் அலங்காரம் குறைந்தது. சன்னல்களின் அளவும் அவற்றுக்கு இடையிலான வெளியும் சேர்ந்த பொருத்தமே அழகு எனக் கருதப்பட்டது. விருந்தினரை வரவேற்கும் தளத்தில் சன்னல்கள் உயரமாகவும், மேலே போகப்போகச் சிறியதாகவும் அமைந்தன.

ரீஜென்சி என்ற பெயர் 1811 முதல் 1820 வரை இளவரசர் ஜார்ஜ் தந்தைக்குப் பதிலாக ஆட்சி நடத்திய காலத்தைக் குறிக்கும். பாணியாக அது அதற்கு முன்னும் பின்னும் சில பத்தாண்டுகள் நீடித்தது. ஜான் நாஷ் வடிவமைத்த ரீஜென்ட் பூங்கா வரிசை வீடுகள் இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். செங்கற்சுவரின் மேல் வெண்பூச்சு பூசிக் கல்லால் கட்டியது போலக் காட்டுவது இப்பாணியின் முக்கியக் கூறு. பல வீடுகளை ஒரே நீண்ட முகப்பாக்கி நடுவில் தூண்களை நிறுத்தியதால், அவ்வரிசை ஓர் அரண்மனை போலத் தோன்றியது. சாதாரணச் செங்கல்லைக் கொண்டு மதிப்பான தோற்றத்தை உருவாக்கும் இம்முறை, கல் அரிதாகவும் செங்கல் மலிவாகவும் கிடைத்த சென்னைக்கு மிகப் பொருந்தியது.

கட்டட அமைப்பு

இராயபுரம் நிலையத்தை வடிவமைத்தவராக வில்லியம் அடெல்பி டிரேசி குறிப்பிடப்படுகிறார். கட்டடம் நீளவாக்கில் பரந்தது. மாடிகளை அடுக்கி எழுப்பாமல், உயரமான கூரையும் அகலமான முகப்பும் கொண்டதாக அமைக்கப்பட்டுள்ளது. முகப்பில் உயரமான தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலைப்பகுதிகள் ஒரு நீண்ட கிடைமட்ட உத்தரப் பட்டையைத் தாங்குகின்றன. அதற்கு மேல் கைப்பிடிச் சுவர் எழுந்து கூரையைப் பார்வையிலிருந்து மறைக்கிறது. இன்று சுவர்கள் செந்நிறத்திலும் தூண்கள் வெண்ணிறத்திலும் காணப்படுகின்றன.

நடுவை மையமாகக் கொண்டு இருபுறமும் ஒத்த அமைப்பு உண்டாக்குவது செவ்வியல் கட்டடக்கலையின் அடிப்படை விதி. தூணின் உயரத்துக்கும் பருமனுக்கும் உள்ள விகிதம், தூணுக்கும் தூணுக்கும் இடையிலான வெளி, சன்னலின் உயரம், மேலுள்ள பட்டையின் கனம் ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று கணக்கிட்டு வைக்கப்படுபவை. ஆகவே இத்தகைய கட்டடத்தில் ஒரு தூணிடைவெளியை அடைத்தாலோ, முகப்பின் முன் தகரக் கூரை போட்டாலோ, அந்த ஒரு பகுதி மட்டும் கெடுவதில்லை. முழு முகப்பின் விகிதமும் குலைந்துவிடும்.

இராயபுரத்துக்கு முன்பே சென்னையில் இப்பாணி வேரூன்றியிருந்தது. 1802 இல் கட்டப்பட்ட விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம், கிரேக்கக் கோயில் போல உயர்ந்த படிகளின் மேல் நிற்கிறது. எஸ்பிளனேடு பகுதியில் 1850 இல் திறக்கப்பட்ட பச்சையப்பன் மண்டபம் தமிழர் அறக்கொடையில் எழுந்த கிரேக்க பாணிக் கட்டடம். வேலையாட்களும் மேஸ்திரிகளும் செங்கல்லில் வட்டத்தூண் எழுப்பிப் பழகியிருந்தனர். இராயபுரம் நிலையம் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

கட்டுமானப் பொருட்கள்

கம்பெனிக் காலச் சென்னைக் கட்டடங்களின் பளபளப்பு ஐரோப்பியப் பயணிகளை வியக்கவைத்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அவற்றைப் பளிங்கு என்றே எண்ணினர். அது கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. ஆங்கிலத்தில் வழங்கும் சுனம் என்ற சொல்லும் சுண்ணம் என்பதோடு தொடர்புடையதே.

பழவேற்காடு, எண்ணூர் கழிமுகங்களில் கிடைக்கும் கிளிஞ்சல்களைச் சூளையில் சுட்டு நீற்றுவர். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்துக் காரை ஆக்குவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது பிடிப்பையும் இறுக்கத்தையும் தரும். கரடான அடிப்பூச்சின் மேல் நுண்ணிய பூச்சுகள் வரும். இறுதிப் பூச்சில் முட்டை வெண்கருவும் தயிரும் கலப்பது உண்டு. ஈரம் காய்வதற்குள் வழுவழுப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களிலும் இம்முறையைக் காணலாம்.

லண்டன் வீடுகளின் வெண்பூச்சு அவ்வப்போது எண்ணெய் வண்ணம் பூசினால்தான் நிலைத்தது. அங்கு கல்லைப் போலித்து நின்ற பூச்சு, சென்னையில் உள்ளூர்க் கொத்தனார்களின் கையில் கல்லுக்கு ஈடான மெருகைப் பெற்றது.

அக்காலச் சென்னைக் கட்டடங்களின் கூரைக்கும் தனி முறை இருந்தது. இது மெட்ராஸ் தளம் என்றும் கட்டைக்குத்துத் தளம் என்றும் அழைக்கப்படுகிறது. தேக்கு விட்டங்களைச் சிறு இடைவெளியில் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்தாகவும் சாய்வாகவும் சுண்ணாம்புக் காரையில் பதிப்பர். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காய் நீர் தெளித்து மரப்பலகைகளால் அடித்து இறுக்குவர். மேலே தட்டோடு பதிப்பர். இந்தக் கனமான தளம் வெயிலின் வெப்பத்தை உள்ளே எளிதில் விடாது. இரும்புக் கம்பியும் சிமென்ட்டும் வருவதற்கு முன் தட்டையான கூரையை அமைக்கும் சிறந்த வழி இதுவாக இருந்தது.

காலநிலைக்கு ஏற்ற மாற்றங்கள்

ஆங்கில நகர வீட்டின் நோக்கம் குளிரைத் தடுத்து வெளிச்சத்தை உள்ளே கொண்டுவருவது. சென்னையில் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே கொண்டுவரவேண்டும். ஆகவே ஒரே வடிவக் கூறுகள் வேறு வேலையைச் செய்தன.

லண்டனில் வாசலுக்கு மதிப்புச் சேர்க்க வைக்கப்பட்ட தூண் முகப்பு இங்கு நிழல் தரும் தாழ்வாரமாக ஆனது. வெயில் நேராகச் சுவரில் படாததால் உள்ளறை குளிர்ந்தது. சாய்ந்த ஓட்டுக் கூரைக்குப் பதிலாகத் தட்டையான தளம் வந்தது. கூரை உயர்ந்ததால் சூடான காற்று மேலே தங்க இடம் கிடைத்தது. கண்ணாடிச் சன்னலோடு மரச்சட்டக் கதவுகளும் சேர்ந்தன. இவற்றின் சாய்ந்த பட்டைகள் வெளிச்சத்தைக் குறைத்துக் காற்றை விட்டன. லண்டன் வீட்டில் தெரு மட்டத்துக்குக் கீழே சமையலறையும் வேலையாட்கள் அறையும் இருக்கும். கடலோர மணலில் சில அடிகளிலேயே நீர் ஊறும் இராயபுரம் போன்ற இடத்தில் நிலவறைக்கு வாய்ப்பில்லை. கட்டடம் மேல்நோக்கி உயராமல் பக்கவாட்டில் விரிந்ததற்கு நிலம் தாராளமாகக் கிடைத்ததும் ஒரு காரணம்.

இதே காலத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் தமிழர், தெலுங்கர் வீடுகள் திண்ணையும் முற்றமும் கொண்டு, பக்கச் சுவர்களைப் பகிர்ந்து வரிசையாக நின்றன. குறுகிய மனை, பொதுச் சுவர் என்ற அளவில் லண்டன் நகர வீட்டுக்கு நெருங்கியவை அவையே. ஆங்கிலேயரோ தாங்கள் விட்டுவந்த வரிசை வீடுகளைச் சென்னையில் கட்டாமல், அவற்றின் முகப்பை மட்டும் எடுத்துத் தோட்ட வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் ரயில் நிலையத்துக்கும் அணிவித்தனர்.

முக்கியத்துவம் குறைதல்

பாதை மேற்கே நீண்டு 1860களின் தொடக்கத்தில் மலபார்க் கரையின் பேப்பூர் பகுதியை அடைந்தது. 1871 இல் வடமேற்குப் பாதை ராய்ச்சூரில் பம்பாய் ரயில்வேயோடு இணைந்தது. போக்குவரத்து பெருகியதால் பார்க் டவுனில் இரண்டாம் முனையமாக 1873 இல் சென்ட்ரல் நிலையம் கட்டப்பட்டது. கூவத்தை ஒட்டிய அவ்விடம் நகரின் வளர்ந்துவந்த மேற்கு, தெற்குப் பகுதிகளுக்கு அருகில் இருந்தது. 1907 இல் சென்ட்ரல் முதன்மை முனையமானது. 1908 இல் மதராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே உருவானது. 1922 இல் சென்ட்ரலுக்கு அருகே அதன் புதிய தலைமையகக் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் பின் இராயபுரம் துறைமுகத்தை ஒட்டிய சரக்கு நிலையமாகவும் புறநகர் ரயில் நின்று செல்லும் இடமாகவும் சுருங்கியது.

அரசுக் கட்டடங்களின் பாணியும் இக்காலத்தில் மாறியது. 1857 க்குப் பின் வெண்ணிறத் தூண் மண்டபங்கள் வழக்கொழிந்தன. செங்கல்லை மறைக்காமல் காட்டும் கோதிக், இந்தோ-சாரசெனிக் பாணிகள் வந்தன. சேப்பாக்கத்தில் சிஷோமின் செனட் மண்டபமும், 1908 இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையமும் இப்புதிய பாணியைச் சேர்ந்தவை. பம்பாயில் போரி பந்தர் நிலையத்தின் இடத்தை 1888 இல் விக்டோரியா முனையம் பிடித்தது. ஹௌராவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹால்சி ரிக்கார்டோ வடிவமைத்த புதிய நிலையம் எழுந்தது. அந்நகரங்களில் வளர்ச்சியே பழைய கட்டடங்களை அகற்றியது. இராயபுரத்தில் வளர்ச்சி வேறு இடத்துக்குப் போனதால் கட்டடம் தப்பியது.

சேதங்களும் புதுப்பித்தலும்

இக்கட்டடம் எதிர்கொள்ளும் முதல் பகை உப்புக்காற்று. கடலிலிருந்து வரும் ஈரத்தோடு உப்பு செங்கல்லின் நுண்துளைகளுக்குள் நுழைகிறது. ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பருத்து, செங்கல்லின் மேற்பரப்பைப் பொடியாக உதிர்க்கிறது. இரண்டாவது தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்பட்ட ஆண்டுகளில் இராயபுரம் வீடுகளின் மொட்டைமாடிகளிலும் துணிகளிலும் கரும்புழுதி படிந்தது. இவற்றை அங்கு கையாளக்கூடாது என 2011 இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. இராயபுரத்தின் சுமை குறைந்தது. எண்ணூரின் சுமை கூடியது.

மூன்றாவது பகை தவறான பழுதுபார்ப்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, உப்போடு சேர்ந்து பழைய செங்கல்லை அரிக்கும். பூச்சு உறுதியாகத் தெரியும். உள்ளே சுவர் கரைந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகளில் சிமென்ட் ஏடு ஏடாகப் பெயர்ந்து, கூடவே பழைய செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஆகவே இத்தகைய கட்டடங்களில் சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பையே பயன்படுத்த வேண்டும் என்பது பாதுகாப்பு வல்லுநர்களின் அடிப்படை விதி.

நெடுங்காலம் கவனிப்பின்றி இருந்த நிலையம், வரலாற்று ஆர்வலர்களின் தொடர்ந்த வலியுறுத்தலுக்குப் பின் 2005 இல் புதுப்பிக்கப்பட்டது. முகப்புத் தூண்கள் சீர்செய்யப்பட்டு, கட்டடம் மீண்டும் பார்வைக்கு வந்தது.

சட்டப் பாதுகாப்பு

இராயபுரம் நிலையம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் அல்ல, ரயில்வேயின் சொத்து. 1958 ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம் 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடங்களை நினைவுச்சின்னமாக அறிவிக்க வழி தருகிறது. ஆனால் அறிவிக்கப்பட்டால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் தடுக்கப்படும். அன்றாடம் ரயில் ஓடும் இடத்தில் இது எளிதன்று. அதனால் பயன்பாட்டிலுள்ள பழைய கட்டடங்கள் பெரும்பாலும் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

சென்னையில் இத்தகைய கட்டடங்களுக்கு ஒரு திருப்புமுனையாக அமைந்தது அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கு. 2006 இல் அதை இடிக்கும் பணி தொடங்கியபோது இன்டாக் அமைப்பு நீதிமன்றத்தை நாடியது. 2010 இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்ததோடு, நகரின் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான குழுவை அமைக்கவும் உத்தரவிட்டது. 2012 இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. எனினும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆனது.

பிரிட்டனில் 1947 ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டம் முதல் சிறப்புடைய கட்டடங்கள் பட்டியலிடப்பட்டுத் தரப்படுத்தப்படுகின்றன. பட்டியலில் உள்ள ஒரு நகர வீட்டின் உரிமையாளர் படிக்கட்டையோ உள்சுவரையோ மாற்றவும் தனி அனுமதி பெறவேண்டும். அதே நேரத்தில் வீடு வீடாகவே பயன்படலாம். கட்டடத்தைக் காட்சிப் பொருளாக்காமல் பயன்பாட்டில் வைத்தபடியே காப்பது இம்முறையின் நோக்கம். இராயபுரத்துக்குத் தேவைப்படுவதும் இத்தகைய பாதுகாப்பே.

முனையக் கோரிக்கை

இராயபுரத்தை மீண்டும் வெளியூர் ரயில்கள் புறப்படும் முனையமாக்க வேண்டும் என்பது வட சென்னை மக்களின் நீண்டநாள் கோரிக்கை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர்ப் பகுதி மக்கள் வெளியூர் ரயிலுக்குச் சென்ட்ரலுக்கோ எழும்பூருக்கோ போகவேண்டியுள்ளது. வளாகத்தின் 72 ஏக்கர் பரப்பு இக்கோரிக்கையின் முக்கிய ஆதாரம். மூன்றாவது முனையமாகத் தாம்பரம் வளர்ந்தது. பெரம்பூரை முனையமாக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டது.

இக்கோரிக்கையில் ஒரு சிக்கல் உண்டு. முனையம் வந்தால் கூடுதல் நடைமேடைகளும் வாகன நிறுத்தமும் வரும். பழைய கட்டடத்தின் மேல் அழுத்தம் கூடும். முனையம் வராவிட்டால் கட்டடம் மீண்டும் கவனிப்பாரற்றுப் போகலாம். சென்னையிலேயே இதற்கு ஒரு கசப்பான நினைவு உண்டு. சென்ட்ரலை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் 1985 இல் தீக்கிரையானது. அந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான முனையம் எழுந்தது.

லண்டனின் யூஸ்டன் நிலையமும் செயின்ட் பாங்ரஸ் நிலையமும் இந்தச் சிக்கலின் இரு முடிவுகளைக் காட்டுகின்றன. 1837 இல் பிலிப் ஹார்டுவிக் வடிவமைத்த யூஸ்டன் நுழைவாயில், இராயபுரத்தைப் போலவே கிரேக்கத் தூண்களால் ரயிலை வரவேற்ற கட்டடம். நிலையத்தை விரிவாக்குவதற்காக 1961-62 இல் பலத்த எதிர்ப்பை மீறி அது இடிக்கப்பட்டது. அதன் கற்களில் ஒரு பகுதி கால்வாய்ப் படுகையை நிரப்பப் பயன்பட்டது 1990களில் தெரியவந்தது. அந்த இழப்பு மக்களை விழிக்கச்செய்தது. சில ஆண்டுகளுக்குப் பின் செயின்ட் பாங்ரஸ் நிலையத்துக்கு இடிப்பு அச்சுறுத்தல் வந்தபோது, 1967 இல் அது முதல் தரப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2007 இல் அதே பழைய கூடத்தில் பன்னாட்டு ரயில் முனையம் திறக்கப்பட்டது. ஹார்டுவிக்கின் மற்றொரு படைப்பான பர்மிங்காம் கர்சன் தெரு நிலையம், புதிய அதிவேக ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காக்கப்படுகிறது.

72 ஏக்கர் வளாகத்தில் பழைய கட்டடம் நிற்கும் இடம் மிகச் சிறியது. நடைமேடைகளை அதை விட்டு விலகி அமைக்கவும், பழைய கூடத்தை நுழைவாயிலாகவோ ரயில் அருங்காட்சியகமாகவோ பயன்படுத்தவும் அங்கு இடம் உண்டு.

இன்றைய நிலை

நிலையத்தில் புறநகர் ரயில்கள் நின்று செல்கின்றன. காசிமேட்டு மீன் வியாபாரிகளும் துறைமுகத் தொழிலாளர்களும் பள்ளி, கல்லூரி மாணவர்களும் இப்பகுதியின் அன்றாடப் பயணிகள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட அதே இடத்தில் இன்றும் ரயில் புறப்படுகிறது. பழைய நிலையங்களில் பல அருங்காட்சியகங்களாகவோ வெற்றுக் கட்டடங்களாகவோ ஆகிவிட்ட நிலையில், 1856 ஆம் ஆண்டின் வேலையை இன்னும் செய்துகொண்டிருப்பதே இராயபுரம் நிலையத்தின் தனிச்சிறப்பு.